‘பால் பத்தலயோ?’: சிங்கப்பூரில் புதுத் தாய்மாரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நம் வீடுகளில் எழும் கேள்விகள் இவை. பாதி, தாய் கேட்டவை. மீதி மாமியார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா கேட்டவை. தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்குத் துணை நிற்கும் தொண்டூழியராக நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். அந்த வரிகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பிள்ளை பிறந்து ரெண்டு நாளாச்சு, பாலே வரலை. பவுடர் பால் கொடுத்துடலாமா?

வருகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வரும். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் தேறினாலே அதிகம். பிறந்த அன்று குழந்தைக்கும் அதற்குமேல் தேவைப்படாது. வயிறு சௌகரியமாக ஏற்பது 5 முதல் 7 மில்லிலிட்டர்தான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் புரோஜெஸ்டரோன் மளமளவென்று இறங்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளைப் பால் பெருகும். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாள் முடிவிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இது நடந்துவிடும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை, அதிக இரத்தப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப் போகலாம்.

அதுவரை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை மார்பில் போடுங்கள். சட்டை இல்லாமல், டயப்பரோடு மட்டும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள். சப்பாமல் தூங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குக் கையால் பிழிந்து ஸ்பூனில் கொடுக்கலாம். சீம்பாலுக்குப் பம்ப்பைவிடக் கைதான் நல்லது. அந்தக் கெட்டியான சொட்டுகள் பம்ப்பின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும்.

பவுடர் பால் தேவைப்படும் சமயங்களும் உண்டு. குழந்தையின் சர்க்கரை அளவு குறைந்தாலோ, பிறந்த எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினாலோ, காமாலை கடுமையானாலோ மருத்துவரே சொல்வார். அப்போது தயங்காமல் கொடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் மார்பிலிருந்து பால் எடுப்பதையும் விடாதீர்கள். பவுடர் பாலால் சுரப்பு குறைவதில்லை. எடுக்காமல் விடும் வேளைகளால்தான் குறைகிறது.

பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். 2011ஆம் ஆண்டு தேசியத் தாய்ப்பால் ஆய்வின்படி சிங்கப்பூர்த் தாய்மாரில் 99 விழுக்காட்டினர் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் அது 42 விழுக்காடாகிவிட்டது. இடையில் நிறுத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெகு பேர் சொல்வது ‘பால் பத்தல’ என்பதுதான். உண்மையிலேயே சுரப்பு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பால் போதுமானதாகவே இருந்தது. போதவில்லை என்று முடிவுகட்டிய அடையாளங்கள்தான் தவறு.

பிள்ளை அழுகிறது, மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, பம்ப் பண்ணினால் கொஞ்சம்தான் வருகிறது, கொடுத்த அரை மணியில் மறுபடி கேட்கிறது: இவை எதுவும் பால் குறைவுக்குச் சான்று ஆகாது. சில வாரத்தில் எல்லாருக்கும் மார்பு மெத்தென்று ஆகும். உடம்பு பிள்ளையின் தேவைக்குக் கணக்கு பழகிவிட்டது என்று பொருள். பம்ப் இழுப்பதும் பிள்ளை இழுப்பதும் ஒன்றாகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருப்பது முதல் வாரங்களில் பல பிள்ளைகளின் வழக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு விருந்தாளியும் வருவார்கள், ‘பசிக்குது போலயே’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பார்க்க வேண்டியது டயப்பரை. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று நனைந்த டயப்பர் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறாவது நன்றாகக் கனக்க வேண்டும். ஒரு காய்ந்த டயப்பரில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம். மலம் முதலில் தார் மாதிரிக் கறுப்பு, பிறகு பச்சை, நான்கைந்து நாளில் கடுகு போட்ட மாதிரி மஞ்சள். முதல் நாட்களில் எடை 7 விழுக்காடு வரை குறைவது வழக்கம்தான். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும்.

ஐந்தாம் நாளிலும் மலம் கறுப்பாகவே இருந்தாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் டயப்பரில் செங்கல்பொடி நிறத்தில் கறை பட்டாலோ, எழுப்பினாலும் எழாமல் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. எல்லாருக்கும் இப்படித்தானா?

முதல் சில நாள் வாய் வைத்தவுடன் சுருக்கென்று இருக்கும், அரை நிமிடத்தில் அடங்கும். குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால் பிள்ளை பிடித்திருக்கும் விதத்தில் கோளாறு. பெரும்பாலும் காம்பை மட்டும் பிடித்திருக்கும்.

பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். கழுத்து திரும்பாமல் காது, தோள், இடுப்பு ஒரே நேராக இருக்கட்டும். காம்பை மூக்குக்கு நேரே வைத்தால் தலையைச் சற்றே அண்ணாந்து வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்கு இழுங்கள். மார்பைக் கொண்டுபோய் வாயில் திணிக்கக் குனிந்தால் முதுகுவலிதான் மிச்சம். தாடை மார்பில் அழுந்தி, மூக்கு விலகி, கீழ்ப்பக்கக் கருவட்டம் மேல்பக்கத்தைவிட அதிகமாக வாய்க்குள் போயிருந்தால் சரி. ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ, எடுக்கும்போது காம்பு லிப்ஸ்டிக் முனை போலச் சப்பிப் போயிருந்தாலோ, சுண்டு விரலை வாயோரம் விட்டுப் பிடியை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

எழுத்தில் படித்து இதைச் சரிசெய்வது கஷ்டம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை காட்டினால் போதும். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு இறுகியிருந்தாலும் வலிக்கும். அதையும் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அப்படி உட்கார்ந்து காட்ட இங்கே யார் இருக்கிறார்கள்?

பிரசவம் பார்த்த மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மூன்றிலும் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. வார்டில் இருக்கும்போதே, தாதி வரும்வரை காத்திராமல் மணியடித்துக் கூப்பிடுங்கள். ‘தொந்தரவு கொடுக்கக் கூடாது’ என்று நம் பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். அங்கே அதற்குத்தான் ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தையைக் காமாலை பார்க்கவும் தடுப்பூசிக்கும் பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டு போகும்போது அங்குள்ள தாதியிடம் கேட்கலாம்.

இவை தவிர 1975 முதல் இயங்கும் தாய்ப்பால் ஊட்டும் தாய்மார் ஆதரவுக் குழு இருக்கிறது. தாங்களே பால் கொடுத்து வளர்த்த பெண்கள், பயிற்சி பெற்றுப் பிற தாய்மாருக்குத் தொண்டூழியமாக ஆலோசனை சொல்கிறார்கள். வீட்டுக்கே வரும் தனியார் ஆலோசகர்களும் உண்டு. ஐபிசிஎல்சி என்ற சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் பெருக்குவதாகச் சொல்லி பிஸ்கட்டும் பவுடரும் விற்பதிலேயே குறியாக இருப்பவர்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எப்போது கூப்பிடுவது என்றால், முதல் வாரத்திலேயே. மூன்றாம் வாரத்தில் வரும் தாயிடம் முதல் அரை மணி நேரம் அழுகைக்கே போய்விடுகிறது.

சிசேரியன் ஆனதால் உட்காரவே முடியவில்லை. எப்படிக் கொடுப்பது?

ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். அல்லது பிள்ளையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கி, தலையணை மேல் வைத்துக் கொடுக்கலாம். தையல் மேல் பாரம் விழாது. மருத்துவமனையில் கொடுக்கும் வலி மருந்துகள் தாய்ப்பாலுக்கு ஒத்துவருமா என்று பார்த்துத்தான் எழுதுகிறார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தால் பால் இறங்குவதுதான் தடைபடும்.

பத்தியத்தில் என்ன சாப்பிட்டால் பால் ஊறும்? பால் சுறா கட்டாயம் வேண்டுமா?

தேக்கா சந்தையில் மீன் கடைக்காரரிடம் ‘பிள்ளைப் பெத்தவளுக்கு’ என்று சொன்னாலே அவர் பால் சுறாவைத்தான் எடுத்துப் போடுவார். நம் சுறாப் புட்டுக்கு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுறா வகை மீன்களில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் பல நாடுகள் சுறாவை வைத்திருக்கின்றன. பால் சுறா உருவில் சிறியது, பெரிய சுறா அளவுக்கு இருக்காது. இருந்தாலும் நாற்பது நாளும் அதுவே வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி நல்ல மாற்று. இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) போட்டுக் குழம்பு வைத்தால் மாமியாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். வெந்தயத்தால் சுரப்பு கூடும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. சமையலில் போடுவதால் கெடுதல் இல்லை. மாத்திரையாகவும் பொடியாகவும் அளவுக்கு மீறி எடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம், இரத்தச் சர்க்கரையும் இறங்கும். நீரிழிவு மருந்தோ இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் வயிறு போடும், சளி பிடிக்கும் என்று குவளையைப் பிடுங்கி வைக்கிற பழக்கத்தை மட்டும் நான் எதிர்ப்பேன். சிங்கப்பூர் வெயிலில், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, தண்ணீரும் இல்லாமல் கிடந்தால் மயக்கமும் மலச்சிக்கலும்தான் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். வெந்நீராகவே இருக்கட்டும், சண்டை வேண்டாம்.

இங்குள்ள நம் குடும்பங்களில் உடம்புச் சூட்டுக்கென்று கொஞ்சம் பிராந்தி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இரத்தத்தில் ஏறும் மது பாலிலும் ஏறும். ஒரு சிறு அளவு இறங்கவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். குடித்துவிட்டுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் தூங்குவது ஆபத்து. சுக்கும் மிளகும் போதாதா?

நான் மருமகளுக்குத் துணையாக ஊரிலிருந்து வந்திருக்கிறேன். சேனை வைக்கக் கூடாது, உரை மருந்து கூடாது என்கிறாள். நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்த்தோம்?

அம்மா, நீங்கள் கடல் தாண்டி வந்திருப்பதே அவளுக்குப் பெரிய பலம். இந்த ஊரில் பல பெண்கள் தனியாகக் கிடந்து தவிக்கிறார்கள்.

தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் மூச்சுக்கே ஆபத்து. நாக்கில் ஒரு துளிதானே என்றாலும் அந்தத் துளியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு, உரைத்த ஜாதிக்காய், கடுக்காய் எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் வரை விடுப்பு கொடுங்கள். வெறும் தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். சேனை சடங்குக்காக வேண்டுமென்றால் தாயின் சீம்பாலையே ஒரு துளி எடுத்து, குடும்பத்தில் பெரியவர் கழுவிய விரலால் வைக்கலாம். பல வீடுகளில் இந்த ஏற்பாட்டில் இரு தரப்பும் சமாதானமாகியிருக்கிறார்கள்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை. தாய்ப்பாலை நிறுத்தி, வெயிலில் காட்டச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம், கூடுதலாகக் கொடுங்கள். மஞ்சள் நிறமி மலத்தோடுதான் வெளியேற வேண்டும், பால் குறைந்தால் அது தேங்கும். குளூக்கோஸ் தண்ணீர் இதற்கு உதவாது. சன்னல் வெயிலும் சிகிச்சை ஆகாது. அளவு ஏறினால் மருத்துவமனையில் நீல ஒளி விளக்கின்கீழ் வைப்பார்கள், பெரும்பாலும் அதுவே போதும். நம் நிறத்துப் பிள்ளைகளுக்குத் தோலில் மஞ்சள் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள், வெளிறிய மலம், சோர்வு இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு.

சிங்கப்பூரில் 1960களிலிருந்தே பிறக்கும் பிள்ளைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறைபாடு) இருக்கிறதா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிறார்கள். இருக்கிறது என்று சொன்னால் பாச்சை உருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது. பட்டுப் புடவை வைத்த அலமாரியிலிருந்து எடுத்த பழைய வேட்டித் துணியில் பிள்ளையைச் சுற்றுவது நம் வழக்கம் அல்லவா? அந்த வாசனையே இப்படிப்பட்ட குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைக் கடுமையாக்கிவிடும். பால் கொடுக்கும் தாயும் சில மருந்துகளையும் ஃபாவா அவரையையும் தவிர்க்க வேண்டும்; மருத்துவமனையில் தரும் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

மார்பு கல்லாகிவிட்டது, காய்ச்சல் அடிக்கிறது. மசாஜ் அம்மாவைக் கூப்பிட்டு அழுத்திவிடச் சொல்லலாமா?

கூப்பிட வேண்டாம். பால் கட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கட்டியைக் கரையக் கரைய அழுத்திவிடுவதுதான் இவ்வளவு நாளும் சொல்லப்பட்டது. பிள்ளை பெற்றவர்களுக்கு மலாய் முறையில் ஜாமு மசாஜ் செய்பவர்களும் நம் ஊர்ப் பாட்டிமாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டி அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது என்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வீக்கம். அழுத்தினால் திசு நசுங்கி வீக்கம் கூடும், சீழ் வைக்கவும் வழி ஆகும். முதுகுக்கும் காலுக்கும் மசாஜ் செய்துகொள்ளுங்கள், மார்பை விட்டுவிடச் சொல்லுங்கள்.

குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள். பிள்ளைக்கு வழக்கம்போல் கொடுங்கள். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. ‘முழுசாகக் காலி பண்ண’ வேண்டுமென்று பம்ப்பைப் போட்டு இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், இன்னும் அதிகம் சுரந்து மறுபடி கட்டும். கருவட்டம் இறுகிப் பிள்ளையால் பிடிக்க முடியாவிட்டால் காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் ஒரு நிமிடம் மெல்ல உள்நோக்கி அமுக்குங்கள், வீக்கம் பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும். பாரசிட்டமோலோ ஐபுபுரோஃபெனோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, காய்ச்சல் ஏறி நடுக்கம் எடுத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் இடையில் நிறுத்தாமல் முடியுங்கள்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தது. தாய்ப்பால் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். பின்னாளில் உங்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பைத் தாய்ப்பால் ஊட்டுவது குறைக்கிறது, நம் இனத்தாருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிறந்த முதல் நாளில் குழந்தையின் சர்க்கரை இறங்கலாம் என்பதால் குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் சம்மதித்தால் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களிலேயே சீம்பாலைக் கையால் பிழிந்து ஊசிக்குழலில் சேர்த்து உறையவைத்து எடுத்துப் போகலாம். குறைப்பிரசவ வாய்ப்பு உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது.

எங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. எனக்கு இன்னும் பால் வரவில்லை.

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் கையாலோ பம்ப்பாலோ எடுக்கத் தொடங்குங்கள், இரவு உட்பட நாளுக்கு எட்டுத் தடவை. வருகிற அரை மில்லியையும் தாதியிடம் கொடுங்கள், குழந்தையின் கன்னத்துக்குள் தடவுவார்கள். உங்கள் பால் வரும்வரை கொடையாகக் கிடைத்த பாலும் உண்டு. 2017இல் கேகே மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. கொடை தருபவரைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்தித்தான் கொடுக்கிறார்கள். பிறர் பாலைக் குடிப்பதால் உண்டாகும் பால் உறவு பற்றி ஐயம் உள்ள முஸ்லிம் பெற்றோர், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸிடம் விளக்கம் கேட்கலாம். சமூக ஊடகத்தில் அறிமுகமில்லாதவரிடம் பால் வாங்காதீர்கள்.

நான் அப்பா. என்னால் என்ன செய்ய முடியும்?

நிறைய. ராத்திரி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, டயப்பர் மாற்றுங்கள். பம்ப் பாகங்களைக் கழுவுங்கள். விருந்தாளிகளை வாசலில் நிறுத்தும் வேலையும் உங்களுடையதுதான். உங்கள் அம்மாவோடு பேச வேண்டியதை மனைவி தலையில் கட்டாமல் நீங்களே பேசுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளைகளின் தகுதி பெறும் தந்தையருக்கு அரசாங்கம் சம்பளம் தரும் நான்கு வார விடுப்பு உண்டு. அதை வீட்டுக்குச் சாயம் பூசவும் ஊருக்குப் போகவும் செலவழிக்காதீர்கள்.

பேறுகால விடுப்பு முடிகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே பால் கொடுக்க முடியுமா? அலுவலகம் இடம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

முடியும், முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் தகுதி பெறும் தாய்க்கு 16 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. முதலாளி ஒத்துக்கொண்டால் கடைசி எட்டு வாரத்தைத் துண்டு துண்டாக, பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் எடுக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் வேலை என்று சில மாதம் ஓட்டினால் பால் சுரப்பு தாக்குப்பிடிக்கும். 2025 ஏப்ரலிலிருந்து பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஆறு வார விடுப்பு வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது பத்து வாரம். பிள்ளை குடிமகன் இல்லையென்றால், வேலை அனுமதியில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இதுதான் நிலை, வேலை நியமனச் சட்டப்படி 12 வாரம். அதில் சம்பளம் பொதுவாக எட்டு வாரத்துக்குத்தான்.

பால் எடுக்க இடைவேளை தர வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டட விதிமுறை பெரிய புதிய கட்டடங்களில் பாலூட்டும் அறை வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஆகவே பேச வேண்டியது நீங்கள்தான். திரும்ப ஒரு மாதம் இருக்கும்போதே மேலாளருக்கு எழுதுங்கள்: நாளுக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிடம், பூட்டக்கூடிய அறை, ஒரு மின்செருகி. எழுத்தில் கேட்டால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. கழிவறையில் உட்கார்ந்து எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யாரும் அங்கே சோறு சமைப்பதில்லை.

பம்ப் வாங்கும்போது மோட்டாரைவிடக் காம்பு பொருந்தும் புனலின் அளவைக் கவனியுங்கள். பெட்டியோடு வரும் புனல் பலருக்குப் பெரிதாக இருக்கும், வலிக்கும், பால் குறையும்.

எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

25 டிகிரிக்குக் கீழே நான்கு மணி நேரம். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறை பகலில் 30ஐத் தாண்டும், ஆகவே குளிர்சாதனம் ஓடாத அறையில் அவ்வளவு நேரம் விடாமல் எடுத்தவுடன் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே, கதவில் வைக்காமல் உள்பக்கமாக வைத்தால், 4 டிகிரியில் நான்கு நாள். கூட்டுக் குடும்பத்தில் நிமிடத்துக்கொரு தடவை திறக்கும் பெட்டி என்றால் இரண்டு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். உறையவைத்தால் ஆறு மாதத்துக்குள். உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம்; வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு புட்டியிலும் பெயரும் தேதியும் எழுதுங்கள். பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவர் படிக்கும் மொழியில் இந்த நேரங்களை எழுதி ஒட்டுங்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் கடைத்தொகுதியிலும் பிள்ளைக்குப் பசித்தால்?

கொடுங்கள். தடுக்கும் சட்டம் இல்லை. துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் எதற்கு இருக்கிறது? வேண்டாமென்றால் பெரிய கடைத்தொகுதிகளில் பாலூட்டும் அறை உண்டு.

எனக்கே காய்ச்சல் என்றால்?

சாதாரணச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டெங்கி எதற்கும் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் எதிர்க்கும் கிருமிக்கான எதிர்ப்பாற்றல் பால் வழியே பிள்ளைக்கும் போகிறது. மருந்தகத்தில் ‘பால் கொடுக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை, பவுடர் பாலுக்குப் போகிறோம். விலை கூடிய டின்தான் நல்லதா?

இல்லை. இங்கே விற்கும் எந்தக் குழந்தைப் பால்மாவும் ஒரே சத்துணவுத் தரநிலையை எட்டியாக வேண்டும். போட்டித்தன்மை ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி அதற்கு முந்தைய பத்தாண்டில் பால்மா விலை 120 விழுக்காடு ஏறியிருந்தது. விளம்பரமும் ‘உயர்ரக’ மோகமும் அதற்குத் தீனி போட்டன. இந்த ஊருக்கு இது புதிதில்லை. 1939இல் இங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், பால் நிறுவனங்கள் தாதி உடையணிந்த விற்பனைப் பெண்களை அனுப்பிக் குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின் பாலை விற்றதைக் கண்டித்து ரோட்டரி மன்றத்தில் ஆற்றிய உரை உலகெங்கும் பேசப்பட்டது.

விலை குறைந்ததையே வாங்குங்கள். 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி ஆறவைத்துக் கொடுங்கள்; மாவு கிருமியற்றது அல்ல. டின்னில் சொன்னதைவிடத் தண்ணீர் கூட்டாதீர்கள். ஒரு வேளை பவுடர், மற்ற வேளை தாய்ப்பால் என்று கலந்து கொடுத்தாலும் அது தாய்ப்பால் கொடுப்பதுதான். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பிள்ளையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

முதல் இரண்டு வாரத்தில் கண்ணீர் வருவது மிகச் சாதாரணம், தானாக அடங்கும். அதைத் தாண்டி நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ‘கண்பட்டது’ என்று சுற்றிப் போட்டுவிட்டு, மருத்துவரிடமும் போங்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் தனியே இருக்காதீர்கள்: 1767 எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் நாள் முழுதும் எடுப்பார்கள், 1771 தேசிய மனநல உதவி எண், உடனடி ஆபத்து என்றால் 995 (ஆம்புலன்ஸ்).

எத்தனை மாதம் கொடுக்க வேண்டும்? எப்படி நிறுத்துவது?

உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு கஞ்சி, பருப்புச் சோறு, கீரை, மீன் என்று திட உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு வைட்டமின் டி சொட்டு வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வைட்டமின் குறைவாக இருக்கலாம். பல் முளைத்தால் நிறுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடித்தால் அந்த வேளையை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், சில நாளில் புரிந்துகொள்ளும்.

நிறுத்தும்போது வேப்பெண்ணெய் தடவுவதும் பாகற்காய்ச் சாறு பூசுவதும் பிள்ளையைப் பயமுறுத்தும் வேலை. மல்லிகைப் பூவை மார்பில் கட்டுவது வேறு கதை. அந்தப் பாட்டி வைத்தியத்தை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள், பூவும் வேலை செய்தது. அதனால் பால் கொடுக்கிற நாட்களில் மார்பில் பூ வைத்துக் கட்டாதீர்கள். தலையில் தாராளமாகச் சூடிக்கொள்ளலாம்.

மற்றபடி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள், பகல் வேளையில் தொடங்கி, தூங்குமுன் கொடுப்பதைக் கடைசியாக. ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக் காய்ச்சல் வரும். இடையில் மார்பு கனத்தால் இறுக்கம் தணிகிற அளவுக்கு மட்டும் கையால் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.